தின்னாத மீனுக்காக எழுந்த ஊர்கள்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் வலை போட்டுப் பிழைத்தவர்களுக்கு டார்பன் என்றாலே வயிற்றெரிச்சல். மடவைக் கூட்டத்தை வளைத்து வலையை இழுக்கும் நேரம் பார்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு மீன் உள்ளே மாட்டிக்கொள்ளும். மாட்டியது சும்மா இருக்காது. வலையைக் கிழித்துக்கொண்டு போகும். இல்லையென்றால் எம்பிக் குதித்துப் படகுக்குள்ளேயே விழும். ஐம்பது கிலோ மீன் ஆள்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1880களில் அமெரிக்க அரசு வெளியிட்ட மீன்வள அறிக்கைகளிலேயே இந்தப் புலம்பல் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்தாலும் சந்தையில் விலை கிடையாது. சதையெல்லாம் முள். சுற்றிலும் மடவையும் வேறு நல்ல மீன்களும் கொட்டிக் கிடக்கும் கடலில் இதை யார் வாங்குவார்கள்?

அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இதே மீனுக்காக ரயிலேறி வந்தார்கள் கோடீசுவரர்கள். விடுதிகள் எழுந்தன, கிளப்புகள் முளைத்தன, டெக்சாஸில் ஓர் ஊருக்கே மீனின் பெயரை வைத்தார்கள். யாரும் அதைத் தின்னத் தொடங்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

டார்பன் இரண்டு மீட்டருக்கு மேல் வளரும்; நூறு கிலோவைத் தாண்டும். 2003இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டுக் கடலில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 130 கிலோ இருந்தது. உடம்பு முழுக்க உள்ளங்கை அகலச் செதில், ஒவ்வொன்றும் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். அதனால் 'வெள்ளி ராஜா' என்ற பட்டப்பெயரும் உண்டு. காற்றுப்பை நுரையீரல் போலவும் வேலை செய்யும் என்பதால், தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். நீண்ட நேரம் மல்லுக்கட்டும் தெம்பு அதற்கு அங்கிருந்தும் கிடைக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் வாய். உள்ளே கல் போன்ற எலும்பு; தூண்டில் முள் இறங்க இடம் கிடையாது. முள் எங்கே போய் மாட்டுகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த மீன்பிடிப்பின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

இந்தக் கரையில் மீன்பிடிப்பது புதிதல்ல. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கலூசா மக்கள் பைன் தீவையும் யூசெப்பாவையும் சுற்றிய நீர்ப்பரப்பில் பனை நாரில் வலை பின்னி மீன் பிடித்தார்கள். அவர்கள் தின்றுபோட்ட சிப்பி, சங்கு ஓடுகள் குன்றுகளாகக் குவிந்தன. அந்தக் குன்றுகள்மேல்தான் பிற்காலத்து வீடுகள் பலவும் நிற்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூபாவிலிருந்து வந்தவர்கள் கரையில் கொட்டகை போட்டு, மடவையை உப்பிட்டு ஹவானாவுக்கு அனுப்பினார்கள். இவர்கள் எல்லாருக்கும் பிழைப்பு சிறு மீனில் இருந்தது. டார்பனை அவ்வப்போது மண்டா எறிந்து குத்தினால் உண்டு.

1860களின் கடைசியில் காட்சி மாறத் தொடங்கியது. கலூசஹாட்சி ஆறு கடலில் சேரும் இடத்தில் புண்டா ராசா என்று ஒரு முனை. கியூபாவுக்கு மாடு ஏற்றும் துறை அது. 1867இல் கியூபாவுக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டபோது, அங்கே தந்தி நிலையத்துக்குப் பொறுப்பாக வந்தவர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். பழைய ராணுவக் கொட்டடி ஒன்றில் நிலையம் நடந்தது. மாட்டுக்காரர்கள் மாடியில் படுத்துக்கொள்வார்கள். வடக்கேயிருந்து குளிர் தாங்காமல் வந்த சில பணக்காரர்களும், வேறு போக்கிடம் இல்லாததால், அதே கூரைக்குக் கீழே தங்கினார்கள். ஷுல்ட்ஸ் அவர்களுக்குச் சோறு போட்டார், படகும் ஆளும் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கொட்டடிதான் பிறகு 'டார்பன் ஹவுஸ்' என்ற விடுதியாகி, உலகெங்கும் மீன்பிடி வெறியர்கள் அறிந்த முகவரியாயிற்று. 1906இல் எரிந்து போகும்வரை அந்தப் பெயர் நிலைத்தது.

1885 மார்ச்சில் நியூயார்க்கைச் சேர்ந்த டபிள்யூ. எச். வுட், ஜான் ஸ்மித் என்ற உள்ளூர்ப் படகோட்டியுடன் சானிபெல் தீவை ஒட்டிய நீரில் 93 பவுண்டு, அதாவது சுமார் 42 கிலோ, எடையுள்ள டார்பனைத் தூண்டில் கோலிலும் ரீலிலும் பிடித்தார். அதுவரை நடக்காத காரியம் என்றே உலகம் நம்பியிருந்தது. செய்தி அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகைகளில் வந்து, கடல் கடந்து இங்கிலாந்துக்கும் போயிற்று. பிலடெல்பியாவின் சாமுவேல் ஜோன்ஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிழக்குக் கரையின் இந்தியன் ஆற்று முகத்துவாரத்தில் தான் இன்னும் பெரியதைப் பிடித்ததாக உரிமை கோரினார். முதலில் பிடித்தவர் யார் என்ற சண்டையில் பெரிய சுவாரசியம் இல்லை. எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாயில் முள் இறங்காது என்று தெரிந்ததும் வழிகாட்டிகள் வாயையே விட்டுவிட்டார்கள். பாதி மடவையை முள்ளில் கோத்து ஆழம் குறைந்த அடித்தரையில் போட்டுவைப்பார்கள். படகு நங்கூரமிட்டு நிற்கும். பல கஜ நீளத்துக்குக் கயிற்றை ரீலிலிருந்து உருவி, படகின் இருக்கைமேல் தளர்வாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். டார்பன் இரையைக் கவ்விக்கொண்டு நகரும்போது அந்தச் சுருள் மெல்ல அவிழ்ந்து போகும். மீனுக்கு எந்த இழுப்பும் தெரியாது. இரையை விழுங்கி, முள் தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் கோலைச் சுண்டுவார்கள். முள் குடலில் மாட்டும். எலும்பு வாயைச் சுற்றிக்கொண்டு போகும் இந்தத் தந்திரம் யாருடைய மூளையில் உதித்ததோ, பெயர் மட்டும் படகில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளருக்குப் போயிற்று. இந்த வரலாறு நெடுக அப்படித்தான்.

இப்படிப் பிடித்த மீன் பிழைக்காது. பிழைக்க வேண்டும் என்று அப்போது யாரும் நினைக்கவும் இல்லை. மாலையில் கரைக்கு இழுத்து வந்து, மரச்சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் தொப்பியோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெரியதாக இருந்தால் தோலை உரித்துப் பதப்படுத்தி வீட்டுச் சுவருக்கு அனுப்புவார்கள். மற்றவையெல்லாம் சுறாவுக்கு. செதிலை மட்டும் பிய்த்து வைத்துக்கொள்வார்கள். அதன்மேல் எடையும் நாளும் எழுதுவார்கள், சிலர் படம் வரைந்து ஊருக்கு ஞாபகார்த்தமாக அனுப்புவார்கள்.

வெள்ளம் போல ஆட்கள் வந்ததற்கு மீன் மட்டும் காரணம் அல்ல. ஃபுளோரிடா மாநிலம் கடனில் மூழ்கிக் கிடந்தது. 1881இல் பிலடெல்பியாவின் ரம்ப உற்பத்தியாளர் ஹாமில்டன் டிஸ்டன் 40 லட்சம் ஏக்கர் சதுப்பு நிலத்தை, ஏக்கருக்கு 25 சென்ட் வீதம், 10 லட்சம் டாலருக்கு வாங்கினார். கால்வாய் வெட்டி நீரை வடித்து, நிலத்தைத் துண்டு போட்டு விற்பது திட்டம். 1886இல் ரயில் பாதை புண்டா கோர்டாவை எட்டியது. அதே சமயத்தில் பைன் தீவின் தென்முனையில் செயின்ட் ஜேம்ஸ் சிட்டி என்ற குடியிருப்பும் சான் கார்லோஸ் விடுதியும் எழுந்தன. கொசுவும் சேறும் நிறைந்த கரைக்குப் பணக்காரர்களை எப்படி வரவழைப்பது? வெள்ளி ராஜா கைகொடுத்தார். மனை விற்பவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு கிடைத்திருக்காது. 1885இல் முதன்முறை ஃபோர்ட் மயர்ஸுக்கு வந்து, ஆற்றங்கரையில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்ட தாமஸ் எடிசனும் டார்பன் தூண்டில்காரர்களில் ஒருவர்.

இந்தக் கூட்டத்தில் ஒருவரால் நடந்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1895இல் மார்கோ தீவில் டபிள்யூ. டி. காலியர் என்பவர் தோட்டத்துக்கு உரமண் வெட்டும்போது விசித்திரமான மரச் சாமான்கள் கிடைத்தன. அந்தப் பக்கம் டார்பன் பிடிக்க வந்திருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டர்ன்ஃபோர்டு காதில் அது விழுந்தது. அவர் தூண்டிலை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். கிடைத்தவற்றை பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் மானிடவியலாளர் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங்கிடம் காட்டினார். அடுத்த ஆண்டே குஷிங் அகழாய்வுக்குப் புறப்பட்டார். வலைக் கயிறு, மிதவை, மர முகமூடிகள் என்று அள்ள அள்ள வந்தன. மண்டியிட்டு உட்கார்ந்த சிறுத்தை போன்ற மரச் சிற்பம் ஒன்று, ஒரு சாண் உயரம்கூட இல்லாதது, இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. ஒரு பழங்குடியின் மீன்பிடிக் கலை வெளியே வந்தது, பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வந்தவர் மூலமாக.

கருவிகளுக்கு வருவோம். முதல் காலத்து ரீல்களில் தடை இயந்திரம் உள்ளே கிடையாது. கயிற்றின்மேல் தோல் பட்டை ஒன்று இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் மீனை நிறுத்த வேண்டும். மீன் ஓடும்போது கைப்பிடி பின்பக்கமாகப் பேய்போலச் சுழலும். விரலை எடுக்கத் தாமதித்தால் மூட்டு உடையும். அமெரிக்கத் தூண்டில்காரர்கள் அந்த ரீலுக்கு விரல் மூட்டை உடைப்பது என்றே பெயர் வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ஃபோம் ஹோஃப் குடும்பத்தார் டார்பனுக்கென்றே கனமான ரீல்கள் செய்தார்கள். 1913இல் ஜூலியஸ் ஃபோம் ஹோஃப், வில்லியம் போஷன் என்ற தூண்டில்காரரின் யோசனைப்படி, உள்ளுக்குள் பல தகடுகள் உராய்ந்து தடை கொடுக்கும் ரீலைச் செய்தார். நட்சத்திர வடிவத் திருகைச் சுழற்றினால் இழுப்பு கூடும், குறையும். மீன் ஓடினாலும் கைப்பிடி சுழலாது. அது வாள்மீனுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், பெருமீன் பிடிப்பு முழுவதையுமே மாற்றிவிட்டது.

இதற்குள் வேட்டைக் களம் ஆழமற்ற விரிகுடாவிலிருந்து போகா கிராண்டே முகத்துவாரத்துக்கு நகர்ந்திருந்தது. காஸ்பரில்லா தீவுக்கும் கயோ கோஸ்டா தீவுக்கும் இடையே சுமார் 70 அடி ஆழத்துக்கு இறங்கும் இயற்கைக் கால்வாய் அது. சார்லட் ஹார்பர் விரிகுடாவின் தண்ணீர் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மே முதல் ஜூலை வரை, சினையுள்ள டார்பன்கள் முட்டையிட ஆழ்கடலுக்குப் போகும் முன் இங்கே கூட்டம் கூட்டமாகச் சேரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றத்தில், மாலை நேரத்தில், விரிகுடாவின் நண்டுகள் மிதந்து கடலுக்கு அடித்துச் செல்லப்படும். டார்பன்கள் மேலே வந்து வாரி விழுங்கும். அந்த நீரோட்டத்தில் நங்கூரம் போட்டுக் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார முடியாது. படகை ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, உயிருள்ள நண்டையோ சிறு மீனையோ சரியான ஆழத்தில் தொங்கவிட வேண்டும். ஓட்டம், ஆழம், நிலவு மூன்றையும் கணக்குப் போடத் தெரிந்த படகோட்டி இல்லாமல் ஒரு மீன் கிடைக்காது. போகா கிராண்டேயில் இந்தத் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது.

இங்கே முள் வாயின் ஓரத்தில் மாட்டியது. அதனால் மீன் துள்ளியது. குடலில் முள் மாட்டிய மீனுக்கும் வாயில் மாட்டிய மீனுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூண்டில்காரர்கள் ரசித்தார்கள். இரண்டு மூன்று மீட்டர் உயரம் எம்பி, செவுள் படபடக்கத் தலையை உதறும். பாதிக்கு மேல் முள்ளைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விடும். அந்த ஏமாற்றத்திலும் அவர்களுக்கு ஒரு போதை. முள்ளைக் கழற்றி உயிரோடு விட முடியும் என்ற நிலையும் முதல்முறையாக வந்தது.

போகா கிராண்டே ஊரை உண்டாக்கியது டார்பன் அல்ல, பாஸ்பேட். பீஸ் ஆற்றுப் படுகையில் வெட்டிய பாஸ்பேட்டைக் கப்பலேற்ற 1907இல் தீவுவரை ரயில் போட்டார்கள். அதே ரயில் விருந்தாளிகளையும் கொண்டுவந்தது. காஸ்பரில்லா இன் என்ற விடுதி அவர்களுக்காகவே எழுந்தது. பாஸ்பேட் துறைமுகம் 1979இல் மூடப்பட்டது. விடுதி இன்னும் நடக்கிறது. பக்கத்து யூசெப்பா தீவை 1911இல் வாங்கியவர் பாரன் காலியர். டிராம் வண்டிகளில் விளம்பரப் பலகை வைத்தே செல்வம் குவித்தவர். அடுத்த ஆண்டே அங்கே ஐசக் வால்டன் கிளப்பைத் தொடங்கி, டார்பன் சீசனைச் செல்வந்தர்களின் நாட்காட்டியில் ஏற்றிவிட்டார். பின்னாளில் தென்மேற்கு ஃபுளோரிடாவில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் வளைத்தார். 1923இல் ஒரு மாவட்டத்துக்கே அவர் பெயர் வந்தது. மீன்பிடிக்க வந்து மாவட்டத்தையே பிடித்துவிட்டார் என்று சொன்னால் மிகையில்லை.

அதே 1911இல் ஏ. டபிள்யூ. டிமோக் எழுதிய டார்பன் நூல் வெளிவந்தது. இவர் வால் ஸ்ட்ரீட் மனிதர்; பணம் சம்பாதித்து, இழந்து, அலுத்துப்போய் ஃபுளோரிடாவுக்கு வந்தவர். மற்றவர்கள் கனமான படகும் தடித்த கோலுமாகப் போனபோது இவர் சிறு தோணியில் உட்கார்ந்து இலேசான கோலால் பிடித்தார். பலமுறை கவிழ்ந்தார். பக்கத்துப் படகில் அவர் மகன் ஜூலியன், கண்ணாடித் தகடு போடும் பெரிய கேமராவோடு நிற்பார். மீன் எப்போது எங்கே துள்ளும் என்று தெரியாது. துள்ளினால் ஒரு நொடிதான். ஒரு தகட்டுக்கு ஒரு வாய்ப்புதான். அப்படி எடுத்த படங்களில் டார்பன் முழு உடம்பும் வானத்தில் நிற்கிறது. செத்துத் தொங்கும் மீனின் படத்தைப் பார்த்தே பழகியிருந்தவர்களுக்கு அது புதிய காட்சி. கொன்று குவிப்பதில் பெருமை இல்லை, பிடித்து விடுவதே விளையாட்டு என்று டிமோக் வாதிட்டார். வாதத்தைவிடப் படங்கள் அதிகம் வேலை செய்தன என்றே தோன்றுகிறது. ஜூலியன் 1920இல் தன் கண்ணாடித் தகடுகளை நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

டெக்சாஸ் கதை வேறு மாதிரி முடிந்தது. முஸ்டாங் தீவின் வடமுனையில் 1886இல் ஒரு விடுதி கட்டினார்கள். உள்நாட்டுப் போர்க்காலப் படைவீட்டின் பழைய மரங்களைப் பிரித்துக் கட்டியது. பெயர் டார்பன் இன். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஊரின் பெயரும் டார்பன்தான். பிறகுதான் போர்ட் அரான்சஸ் ஆயிற்று. விடுதி ஒருமுறை தீயிலும் ஒருமுறை 1919 புயலிலும் போய், திரும்பத் திரும்ப எழுந்தது. அதன் வரவேற்பறைச் சுவரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட டார்பன் செதில்கள் அறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிடித்தவரின் கையெழுத்து, நாள், மீனின் அளவு. 1937 மே மாதம் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வந்தார். வழிகாட்டி பார்னி ஃபார்லியோடு கடலுக்குப் போய் 77 பவுண்டு, சுமார் 35 கிலோ, மீனைப் பிடித்தார். அவர் கையெழுத்திட்ட செதிலும் அங்கே இருக்கிறது. ஃபார்லி குடும்பத்தார் அந்த ஊரில் டார்பனுக்கென்றே படகு கட்டியவர்கள். 1932இல் ஊரார் ஆரம்பித்த போட்டிக்கு டார்பன் ரோடியோ என்று பெயர்.

அதன் பிறகு இருபது, முப்பது ஆண்டுகளில் டார்பன் அந்தக் கரையை விட்டுப் போய்விட்டது. முழுவதுமாக இல்லை, ஆனால் அதை நம்பி விடுதி நடத்த முடியாத அளவுக்கு. காரணம் ஒன்றல்ல. ஆண்டுக்கணக்கில் கொன்றது ஒன்று. 1950களில் டெக்சாஸைப் பொசுக்கிய வறட்சி இன்னொன்று. ஆறுகளில் அணைகள் எழுந்தன. ரியோ கிராண்டேயில் ஃபால்கன் அணை 1953இல் திறக்கப்பட்டது. கழிமுகங்களுக்கு நன்னீர் வருவது குறைந்தது. மெக்சிகோ கரையில் குட்டிகளும் பெரியவையும் வலையில் போயின. டார்பன் ரோடியோ பெயர் மாறி ஆழ்கடல் மீன்பிடிப் போட்டியாயிற்று. இன்று அங்கே வேறு மீன்களைப் பிடிக்கிறார்கள்.

மெக்சிகோவில் தாம்பிகோவை ஒட்டிய பானுகோ ஆற்றில் டார்பன் பிடித்தவர்களில் எழுத்தாளர் ஜேன் கிரே புகழ்பெற்றவர். ஃபுளோரிடாக் கீஸ் தீவுகளில் ரயில் அதிபர் ஃப்ளாக்லரின் கடல் ரயில்பாதை ஓரமாக இருந்த லாங் கீ மீன்பிடிக் கிளப்புக்கு 1917இல் முதல் தலைவரும் அவரே. 1935 புயல் அந்தக் கிளப்பையும் ரயில்பாதையையும் சேர்த்தே அழித்தது.

கீஸ் தீவுகளில் விளையாட்டு இன்னொரு உருவம் எடுத்தது. முழங்கால் ஆழத் தெளிந்த நீரில், வழிகாட்டி நீண்ட கழியால் படகைத் தள்ளிக்கொண்டு போவார். முன்னால் நிற்பவர் வரும் மீனைக் கண்ணால் பார்த்து, இறகும் மயிரும் கட்டிய பொய் ஈயை அதன் மூக்குக்கு முன்னால் போட வேண்டும். 1961இல் ஜோ புரூக்ஸ், ஸ்டூ ஆப்டே என்ற வழிகாட்டியின் படகில் நின்று ஈத்தூண்டிலில் 148.5 பவுண்டு, சுமார் 67 கிலோ, டார்பனைப் பிடித்தது பெரிய சேதியாயிற்று. 1970களில் கீ வெஸ்ட் எழுத்தாளர்களுக்கு இது பைத்தியமாகவே ஆகிவிட்டது. தாமஸ் மெக்வேன், ஜிம் ஹாரிசன், ரிச்சர்ட் பிரவுட்டிகன் மூவரும் தோன்ற, ஜிம்மி பஃபெட் இசையமைக்க, 1973இல் 'டார்பன்' என்ற பெயரிலேயே ஒரு படம் எடுத்தார்கள். அதில் ஈத்தூண்டில்காரர்கள் மீனை விடுகிறார்கள். சுற்றுலாப் படகில் போனவர்களோ மீன்களைக் கொன்று கொண்டுவந்து காட்டுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதுதான் அந்தப் படத்தின் காரம்.

வடக்கே ஹோமசாசா என்ற ஊரின் கடலில் இன்னும் பெரியவை வருவதாகச் செய்தி பரவி, 1970களின் கடைசியில் உலகச் சாதனைக்காக அலைபவர்கள் எல்லாரும் அங்கே குவிந்தார்கள். ஈத்தூண்டிலில் 200 பவுண்டைத் தாண்டுவது அவர்கள் கனவு. 2001இல் ஒருவர் தாண்டினார், 202.5 பவுண்டு, சுமார் 92 கிலோ. ஆனால் அதற்கு முன்பே ஹோமசாசாவில் மீன் வரத்து வற்றிப்போயிருந்தது. நிலத்தடி ஊற்றுகளின் நன்னீர் குறைந்து, நண்டு குறைந்து, மீனும் குறைந்தது என்பது அங்கே பழகியவர்களின் கணிப்பு.

கொல்லாமல் விடுவது வழக்கமானதற்கு நல்ல மனசு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பதப்படுத்துவோர் கண்ணாடி நாரில் அச்சு வார்க்கக் கற்றார்கள். நீளமும் சுற்றளவும் சொன்னால் போதும், சுவரில் மாட்ட மீன் தயார். செத்த மீன் தேவையில்லை. அதோடு வழிகாட்டிகளுக்கும் ஒன்று புரிந்தது. செத்த டார்பனை ஒரு முறைதான் விற்கலாம். உயிருள்ளதை அடுத்த ஆண்டும் விற்கலாம். 1989இல் ஃபுளோரிடா, டார்பனைக் கரைக்குக் கொண்டுவர 50 டாலர் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. கொல்வது சட்டென்று குறைந்தது. 2013 செப்டம்பரில், சாதனைக்காக முயல்பவர்களைத் தவிர யாரும் டார்பனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக்கூடக் கூடாது. தலைகீழாகத் தொங்கவிட்டுப் படமெடுத்த கரையில், மடியில் ஏந்திப் படமெடுப்பதும் குற்றமாயிற்று.

அதே ஆண்டில் போகா கிராண்டேயில் பெரிய சண்டை. ஈயக் குண்டை முள்ளின் அடியில் தொங்கவிட்ட 'ஜிக்' என்ற ஒரு வகைப் பொய் இரையை ஆழத்தில் இறக்கி, நெருக்கமாக நிற்கும் மீன்கள் நடுவே படகுகள் முண்டியடித்து நடத்திய பரிசுப் போட்டிகள் தொலைக்காட்சியில் ஓடின. பரம்பரை வழிகாட்டிகள் கொதித்தார்கள். அந்த முள்ளை மீன் கடிக்கவில்லை, முள்தான் மீனை வெளியிலிருந்து கொத்துகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மாநில ஆணையம் அந்தக் கருவியை அந்த முகத்துவாரத்தில் தடை செய்தது. நூறு ஆண்டு கழித்தும் கேள்வி அதேதான்: முள் எங்கே மாட்டுகிறது? விட்டுவிட்டால் எல்லாம் பிழைத்துவிடும் என்றும் இல்லை. போகா கிராண்டேயில் நடந்த ஓர் ஆய்வில், பிடித்து விட்ட டார்பன்களில் நூற்றுக்குப் 13 செத்துப்போயின. களைத்த மீனுக்காகச் சுத்தியல் தலைச் சுறா அங்கேயே காத்திருக்கிறது.

தூண்டிலைக் கட்டுப்படுத்துவது எளிது, அதைச் செய்துவிட்டார்கள். டார்பனின் பிரச்சினை இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பெரிய பெண் மீன் ஒரு கோடிக்கு மேல் முட்டையிடும். கரையிலிருந்து வெகு தூரத்தில் பொரியும் குஞ்சு, நாடா மாதிரி ஒளி ஊடுருவும் உடம்போடு மிதந்து, கண்டல் காட்டுக்குள் உள்ள தேங்கிய குட்டைகளுக்கு வந்து சேரும். பிராணவாயு குறைந்த, நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரில் வேறு கொன்றுண்ணி மீன் வராது. காற்றைக் குடிக்கத் தெரிந்த டார்பன் குஞ்சு மட்டும் பிழைக்கும். இனம் பெருக்கும் பருவத்துக்கு வர அதற்குச் சுமார் பத்து ஆண்டு ஆகும். ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழும். சிகாகோ நீர்வாழ் காட்சியகத்தில் ஒன்று 1935இல் வந்து 1998 வரை இருந்தது. இந்தியப் பெருங்கடலில் இதற்கு ஒரு சிறிய பங்காளி உண்டு, தமிழகக் கழிமுகங்களுக்கும் வருவது. அதன் குஞ்சுகளும் இதே போல உப்பங்கழிகளிலும் கண்டல் குட்டைகளிலும்தான் வளர்கின்றன.

அந்தக் குட்டைகளைத்தான் ஃபுளோரிடா தூர்த்தது. 1957 முதல், ஃபோர்ட் மயர்ஸுக்கு எதிர்க்கரையில், ரோசன் சகோதரர்கள் கண்டல் காட்டையும் சதுப்பையும் தோண்டி கேப் கோரல் என்ற நகரை எழுப்பினார்கள். வீட்டுக்கு வீடு படகு நிறுத்த வசதியாக 640 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். டிஸ்டன் காலத்தில் தொடங்கி, ஒக்கிசோபி ஏரியையும் கலூசஹாட்சி ஆற்றையும் இணைத்த கால்வாய் வழியே, மழைக்காலத்தில் அழுக்கு நீர் தேவைக்கு மேல் கடலுக்குப் பாய்கிறது. வறண்ட காலத்தில் தேவையான நீர் வருவதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அட்லாண்டிக் டார்பன் இப்போது 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது' என்ற பிரிவில் இருக்கிறது. மீனைக் கொல்லக் கூடாது என்று ஃபுளோரிடா சட்டம் எழுத 1885 முதல் 2013 வரை 128 ஆண்டுகள் ஆயின. குஞ்சு வளரும் குட்டைக்கு அதே போன்ற காவல் இன்னும் கிடைக்கவில்லை.